உஷார்! நெஞ்சுக்குள் ஒரு கம்பிக்கூண்டு

பெரியப்பா இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு முழு இட்லி சாப்பிட்ட அன்று எங்கள் வீட்டில் தீபாவளி. அதற்கு முன்னால் தண்ணீரைக்கூட ஸ்பூனில் எடுத்து வாயில் விட்டு, இறங்குகிறதா இல்லையா என்று நெஞ்சில் கைவைத்துக் காத்திருப்பார். பாதி நாள் இறங்காது, திரும்பி வந்துவிடும். உணவுக்குழாயில் புற்றுநோய். கட்டி வளர்ந்து வழியை அடைத்திருந்தது. எண்டோஸ்கோபி வழியாக ஒரு உலோக ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் பால் இறங்கியது. அதற்கடுத்த நாள் கஞ்சி. அந்த வாரக் கடைசியில் சாம்பாரில் ஊறவைத்த இட்லி. பெரியம்மா சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டாவது இட்லியை வைத்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் சாப்பாட்டைப் பற்றி இரண்டே வார்த்தை, ஆங்கிலத்தில்: 'சாஃப்ட் டயட்'. மிருதுவாகச் சாப்பிட வேண்டும் என்று நாங்களே அர்த்தம் செய்துகொண்டோம். மூன்றாவது வாரம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. "பஞ்சு மாதிரி வெந்திருக்குண்ணே, ஒண்ணும் பண்ணாது" என்று தட்டில் வைத்தார்கள். வாய்க்கு மிருதுவாக இருந்தது உண்மைதான். மூன்றாவது துண்டு உள்ளே போய் நின்றுவிட்டது. மீன் முள் குத்தினால் நம் வீடுகளில் என்ன செய்வோமோ அதையே செய்தோம். வாழைப்பழத்தைக் கொடுத்து, "மெல்லாம அப்படியே முழுங்குங்க, தள்ளிக்கிட்டுப் போயிடும்" என்றோம். அதுவும் அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றிரவு முழுக்க அவர் தன் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டே இருந்தார். விடிகிற நேரத்தில் அசந்து படுத்துவிட்டார். படுத்ததும் வாயில் தேங்கிய எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. காலையில் குளிர்காய்ச்சல், இளைப்பு. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி எண்டோஸ்கோபி. கறியும் பழமும் சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்ததைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். ஒரே ஒருவர் உட்கார்ந்து ஐந்து நிமிடம் எங்களுக்குச் சொல்லியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. அந்த ஐந்து நிமிடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது உணவுக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தால், அல்லது வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தால், தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டென்ட் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டினியில் துவண்டு கிடக்கும் ஒருவருக்கு இரண்டே நாளில் வழி திறந்துவிடுகிற சாதனம் அது. முன்பெல்லாம் இதற்கு விறைப்பான பிளாஸ்டிக் குழாயைத்தான் உள்ளே செலுத்தினார்கள். 1993-ல் ஜெர்மானிய மருத்துவர்கள் 42 நோயாளிகளை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், பிளாஸ்டிக் குழாயைவிட விரியும் உலோக ஸ்டென்ட்டில் தொல்லைகள் மிகவும் குறைவு என்று தெரிந்தது. அதன் பிறகு உலகமெங்கும் உலோகத்துக்கு மாறிவிட்டார்கள். அது நியாயமான மாற்றம்தான். ஆனால் தொல்லை குறைவு என்பது வேறு, தொல்லையே இல்லை என்பது வேறு.

நாங்கள் ஏமாந்த இடம் 'ஸ்டென்ட்' என்கிற சொல்லிலேயே இருக்கிறது. நம் ஊரில் ஸ்டென்ட் என்றால் இதயம்தான் ஞாபகத்துக்கு வரும். தெருவுக்கு இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள்; மாத்திரை போட்டுக்கொண்டு கல்யாணம் காட்சிக்குப் போய்வருகிறார்கள். "ஸ்டென்ட் வெச்சாச்சு, இனி கவலை இல்லை" என்று பெரியப்பாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதை மனதில் வைத்துத்தான் சொன்னார்கள். இதயத்தில் வைப்பது சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். அதன் வழியே போவது ரத்தம் மட்டும். சில மாதங்களில் ரத்தக்குழாயின் உட்தோல் அதன்மேல் படர்ந்து மூடிவிடும். உணவுக்குழாயில் வைப்பது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளம். அதன் வழியே சோறும் குழம்பும் மாத்திரையும் போகின்றன. கீழேயிருந்து அமிலம் ஏறி வருகிறது. குழாய் ஒவ்வொரு விழுங்கலுக்கும் அலை அலையாகச் சுருங்கி அதைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுற்றியிருப்பது ஆரோக்கியமான சுவர் இல்லை, வளர்ந்துகொண்டே இருக்கும் கட்டி. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது.

பெரும்பாலும் இது நிட்டினால் என்ற உலோகக் கலவையில் பின்னிய வலைக்கூண்டு. நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பிறந்ததால் அந்த ஆய்வுக்கூடத்தின் முதலெழுத்துகளும் பெயரில் ஒட்டிக்கொண்டன. மடக்கினால் மடங்கும், விட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பும். மெல்லிய குழலுக்குள் சுருட்டி அடைப்பு இருக்கும் இடம்வரை கொண்டுபோய் விடுவித்தால் மெல்ல மெல்ல விரிந்து கட்டியை ஒதுக்கித் தள்ளும். முழுக்க விரிய இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். அந்த விரியும் சக்தியால்தான் வழி திறக்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

உணவுக்குழாய் தனியாக ஓடும் குழாய் இல்லை. சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தச் சதைக்குழாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் யார் என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். மேல்பாதியில் இதற்கு முன்னால் ஒட்டினாற்போல மூச்சுக்குழாய் இறங்குகிறது. மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் முழு வட்டம் இல்லை, பின்பக்கம் திறந்த வளைவுகள். அதாவது உணவுக்குழாயைத் தொடும் பக்கத்தில் எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை, வெறும் சவ்வு. கீழே வரவர உடம்பிலேயே பெரிய ரத்தக்குழாயான மகாதமனி அருகில் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் மூச்சு, ஒரு பக்கம் ரத்தம். நடுவில் கட்டி அரித்த மெல்லிய சுவர். அதற்குள் விரிந்து நிற்கும் உலோக வலை.

இனி, ஸ்டென்ட் வைப்பதற்கு முன்னாலேயே உஷாராக வேண்டிய இடத்துக்கு வருகிறேன். வைத்த பிறகு வரும் சங்கடங்களில் பலவற்றைச் சமாளிக்கலாம்; தவறான ஆளுக்கு வைத்துவிட்டால் அதைத் திருத்துவது கஷ்டம்.

"சாப்பிட முடியலையா, ஒரு ஸ்டென்ட் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், தலையாட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இவருக்கு நோயைக் குணமாக்கும் சிகிச்சைக்கு வழி இருக்கிறதா, இல்லை கஷ்டத்தைக் குறைக்கத்தான் செய்கிறோமா?" இந்தக் கேள்வி கேட்க நமக்கு வாய் வராது. எங்களுக்கும் வரவில்லை. ஆனால் எல்லாமே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. ஆபரேஷன் செய்து கட்டியை முழுசாக எடுக்க வாய்ப்புள்ளவருக்கு, அதுவரை சாப்பிட வசதியாக இருக்கட்டும் என்று உலோக ஸ்டென்ட் வைப்பதை ஐரோப்பிய எண்டோஸ்கோபி மருத்துவர்களின் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. இப்படி இடைக்கால உதவியாக ஸ்டென்ட் வைத்தவர்களில் கட்டியை முழுமையாக நீக்க முடிந்தவர்கள் குறைவு, உயிர்வாழ்ந்த காலமும் குறைவு என்று பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. வெளியிலிருந்து கதிர்வீச்சு, அதாவது நம்மவர்கள் சொல்லும் 'கரண்ட்', கொடுக்கும் அதே காலத்தில் ஸ்டென்ட்டும் வைப்பதையும் அந்த வழிகாட்டி வேண்டாம் என்கிறது. பாதகங்கள் கூடுகின்றன என்பதுதான் காரணம்.

அப்படியானால் அதுவரை பட்டினியா? இல்லை. மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டு உணவு கொடுக்கலாம். வயிற்றில் சிறு துளையிட்டுச் சிறுகுடலுக்கு நேராகக் குழாய் வைக்கலாம். (இரைப்பையில் குழாய் வைப்பதற்கு முன் அறுவை சிகிச்சை நிபுணரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பல ஆபரேஷன்களில் அந்த இரைப்பையை மேலே இழுத்துத்தான் புது உணவுக்குழாய் ஆக்குகிறார்கள். அதில் ஓட்டை போட்டுவிட்டால் அவர்களுக்குச் சிக்கல்.) கீமோவோ கரண்டோ தொடங்கிச் சில வாரங்களில் கட்டி சுருங்கித் தானாகவே விழுங்க முடிகிறவர்களும் உண்டு. ஆகவே, அடைப்பு என்றதும் ஸ்டென்ட் என்று நேரே போகக்கூடாது. புற்றுநோய் மருத்துவர், அறுவை சிகிச்சை நிபுணர், கதிர்வீச்சு மருத்துவர் மூவரும் ஸ்கேனைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், உயிர்போகிற அவசரம் இல்லாத பட்சத்தில், இரண்டு நாள் பொறுத்து வேறொரு இடத்தில் காட்டுவதில் தப்பே இல்லை.

குணமாக்க வழியில்லை, நிம்மதியாகச் சாப்பிட வைப்பதுதான் நோக்கம் என்று முடிவானாலும் ஸ்டென்ட் மட்டுமே வழி இல்லை. உணவுக்குழாய்க்குள்ளேயே கதிர்வீச்சுப் பொருளைச் சற்று நேரம் வைத்து எடுக்கும் பிராக்கிதெரபி என்ற முறை இருக்கிறது. நெதர்லாந்தில் 209 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2004-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு விழுங்கும் கஷ்டம் சீக்கிரம் தீர்ந்தது. ஆனால் மாதங்கள் போகப்போக, பிராக்கிதெரபி எடுத்தவர்களே நன்றாகச் சாப்பிட்டார்கள். சிக்கல்கள் ஸ்டென்ட்டில் 33 சதவீதம், மற்றதில் 21 சதவீதம். அதிலும் முக்கியமாக, பிற்பாடு ஏற்பட்ட ரத்தப்போக்கு ஸ்டென்ட்டில் 13 சதவீதம், மற்றதில் 5. ஆக, சில வாரங்களே மிஞ்சியிருப்பவருக்கு ஸ்டென்ட் கைகொடுக்கிறது; பல மாதங்கள் இருப்பார் என்று மருத்துவர் கருதினால், மற்ற வழியைப் பற்றியும் பேச வேண்டும். அந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. தங்களிடம் இல்லாத சிகிச்சையைப் பற்றி அவர்களாகவே சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள், நீங்கள் கேளுங்கள்.

கட்டி மேல்பாதியிலோ நடுவிலோ இருந்தால் இன்னொரு கேள்வி: மூச்சுக்குழாயைப் பார்த்தார்களா? ஏற்கனவே கட்டி மூச்சுக்குழாயை முன்னுக்குத் தள்ளியிருக்கலாம். அந்த நிலையில் பின்னால் ஸ்டென்ட் விரிந்தால், பின்பக்கச் சவ்வை அழுத்தி மூச்சையே அடைத்துவிடக்கூடும். ஸ்கேனில் சந்தேகம் வந்தால் மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் முதலில் அங்கே ஒரு ஸ்டென்ட் வைத்துவிட்டுத்தான் இங்கே வைப்பார்கள். வைத்த அன்றோ மறுநாளோ மூச்சு விடும்போது விசில் போலச் சத்தம் வந்தால், நெஞ்சைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். "பயத்துல அப்படி இருக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வைத்த முதல் சில நாட்கள் நெஞ்சுவலி இருக்கும். கூண்டு விரிகிறது, சுவரைத் தள்ளுகிறது, வலிக்கத்தான் செய்யும். அதற்குத் தகுந்த வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போனால், அதோடு காய்ச்சல், படபடப்பு, மூச்சிரைப்பு சேர்ந்தால், கழுத்துத் தோலை அழுத்தும்போது உள்ளே காற்றுக் கொப்புளம் உடைவதுபோல நறநறவென்று இருந்தால், உணவுக்குழாய்ச் சுவரில் ஓட்டை விழுந்திருக்கலாம். வாயால் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தண்ணீர் கொடுத்தால் அது நெஞ்சறைக்குள் போய்க் கொட்டும்.

இப்போது சாப்பாடு. நாங்கள் தோற்ற இடம் இது.

ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் உணவுக்குழாய்க்குப் பிடித்துத் தள்ளும் சக்தி இல்லை. அது வெறும் குழாய். சோறு, மேலேயிருந்து வரும் தள்ளலாலும் தன் எடையாலும்தான் இறங்க வேண்டும். நார் உள்ளது வலையிலும் விளிம்பிலும் சிக்கிக்கொள்ளும்; பசையுள்ளது உருண்டையாகித் தக்கையாக அடைக்கும். வாய்க்கு மிருதுவாக இருக்கிறதா என்பது கணக்கே இல்லை. விரலால் நசுக்கினால் நார் இல்லாமல் கூழாகிறதா என்பதுதான் கணக்கு. எவ்வளவு வெந்தாலும் ஆட்டுக்கறி நார் நாராகத்தான் பிரியும். பரோட்டாவும் பிரெட்டும் எச்சிலில் நனைந்து மாவு உருண்டையாகிவிடும். முருங்கைக்காய், கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், அன்னாசிப்பழம், மாங்காய் நார், தேங்காய்ச் சில், வேர்க்கடலை, நன்றாக அவித்த முட்டையின் வெள்ளை, முள் உள்ள மீன் எல்லாமே ஆபத்து. தாளிப்பில் கிடக்கும் கறிவேப்பிலையையும் வரமிளகாய்த் தோலையும் நாம் கவனிக்கவே மாட்டோம், அவற்றை வடிகட்டி எடுத்துவிடுங்கள்.

கஞ்சி, கூழ், குழைய வடித்துப் பிசைந்த ரசம் சாதம், பருப்புக் கடைசல், சாம்பாரில் முழுகக் கரைத்த இட்லி, தயிர், மசித்த உருளைக்கிழங்கு, மிக்ஸியில் அடித்து வடிகட்டிய காய்கறி சூப், பால், சத்துமாவுக் கஞ்சி இதெல்லாம் கைகொடுக்கும். உடம்பு இளைத்தவர் என்பதால் நெய்யும் பாலும் தாராளமாகச் சேர்க்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுச் சேருங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை வயிறு முட்ட என்பது இனி கிடையாது. ஆறு வேளை, ஒவ்வொன்றும் கொஞ்சம். நேராக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். நாலு வாய்க்கு ஒருமுறை இளஞ்சூடான தண்ணீர் ஒரு மடக்கு. முடிந்ததும் அரை டம்ளர். சாப்பாட்டுக்குப் பின் குழாயைக் கழுவிவிடுவது மாதிரி இது. பல மருத்துவர்கள் இதற்குச் சோடாவையும் சொல்வதுண்டு. பல்செட் சரியில்லாதவர் என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், மெல்ல முடியாதவருக்குத்தான் அடிக்கடி அடைக்கிறது.

அடைத்தே விட்டதா? சாப்பிடுவதை அந்த நொடியே நிறுத்துங்கள். எழுந்து நடக்கட்டும். வெந்நீரோ சோடாவோ ஒவ்வொரு மடக்காகக் குடித்துப் பார்க்கட்டும். வாழைப்பழம், சோற்று உருண்டை, வெல்லம், முதுகில் குத்துவது எதுவும் கூடாது. கூடவே கூடாது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் சரியாகவில்லை என்றாலோ, எச்சில்கூட இறங்கவில்லை என்றாலோ, காலை ஓ.பி. திறக்கட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். பெரியப்பாவுக்கு நிமோனியா வந்தது அந்த ஓர் இரவில்தான்.

மாத்திரையும் சாப்பாடு மாதிரிதான். பெரிய மாத்திரைகளுக்குப் பதில் சிரப் கிடைக்குமா என்று கேளுங்கள். நீங்களாகவே எல்லாவற்றையும் பொடித்துக் கொடுக்காதீர்கள். மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கிவிடும். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவை சாப்பிடுகிறவர் என்றால் அதை எண்டோஸ்கோபி மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோயாளி தானாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது.

கட்டி இரைப்பைக்குப் பக்கத்தில் இருந்து, ஸ்டென்ட்டின் கீழ்முனை இரைப்பைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அங்கே இருந்த இயற்கையான கதவு இனி மூடாது. படுத்தால் அமிலமும் சோறும் அப்படியே மேலே வரும். எதுக்களிப்பு, நெஞ்செரிச்சல் என்பதோடு போகாது. தூக்கத்தில் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், படுக்க இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வையுங்கள், உடம்பு முழுக்கச் சரிவாக இருக்கும். எழுதிக் கொடுத்த 'கேஸ் மாத்திரை'யை விட்டுவிடாதீர்கள்.

ஸ்டென்ட் இருந்த இடத்திலேயே இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். வலையின்மேல் மெல்லிய உறை போட்ட வகையும் உண்டு, உறை போடாத வகையும் உண்டு. உறை இல்லாததில் வலைக்கண்கள் வழியே கட்டி உள்ளே வளர்ந்து மறுபடி அடைக்கும். உறை போட்டதில் கட்டி புகாது. ஆனால் வழுவழுவென்று இருப்பதால் நழுவி இரைப்பைக்குள் விழுந்துவிடும். கீமோவில் கட்டி சுருங்கினால் பிடிமானம் போய் இன்னும் சுலபமாக நழுவும். முனைகளை மட்டும் உறையில்லாமல் விட்ட வகையில் அந்த முனைகளைத் தாண்டிச் சதையோ கட்டியோ வளரும். எது நல்லது என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. உங்களுக்கு வைத்தது எந்த வகை, அதற்கு எது நேரும் என்று தெரிந்திருக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஒரே நாளில் பழைய அடைப்பு வந்தால் நழுவலாகவோ உணவு சிக்கியதாகவோ இருக்கலாம். வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறுகினால் கட்டி வளர்கிறது. எதுவானாலும் வழி உண்டு. நழுவியதை எண்டோஸ்கோபியில் இழுத்தெடுக்கலாம், வளர்ந்ததற்கு ஸ்டென்ட்டுக்குள் இன்னொரு ஸ்டென்ட் வைக்கலாம். நழுவியது குடலுக்குள் இறங்கிவிட்டால்தான் பெரிய ஆபத்து. வயிறு உப்பி, வாந்தியும் வலியும் வந்தால் அதை அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு முறையும் இருமுகிறாரா? எப்போதாவது புரையேறுவது எல்லோருக்கும் உண்டு; ஒவ்வொரு மடக்குக்கும் இருமல், சளியில் சாப்பாட்டுத் துணுக்கு, விடாத காய்ச்சல் என்றால் உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே துவாரம் விழுந்திருக்கலாம். கட்டி அரிப்பதாலும் விழும், ஸ்டென்ட்டின் விளிம்பு உறுத்தி உறுத்தியும் விழும், கரண்ட் வைத்த சதையில் இன்னும் எளிதாக விழும். இதை அடைக்கவும் உறை போட்ட ஸ்டென்ட்தான் பெரும்பாலும் உதவுகிறது. ஆனால் சீக்கிரம் போக வேண்டும். ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கும்போது நாள் கடத்த முடியாது.

கடைசியாக ரத்தம். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பெரியப்பாவுக்கு வெற்றிலை பாக்கு புகையிலைப் பழக்கம். அந்தப் பழக்கமே இந்த நோயைக் கொண்டுவந்த காரணங்களில் ஒன்று என்று மருத்துவர்கள் சொல்லியும், சும்மா மென்று துப்பிவிடுகிறேன் என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். நான்காவது மாதம் ஒருநாள் காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் சிவப்பாக வந்தது. வெற்றிலைச் சாறு என்று எல்லோரும் நினைத்தோம். மறுநாள் காலை மறுபடி கொஞ்சம். மலம் கறுப்பாகப் போகிறது என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவதால் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் இரவு ரத்தம் கொட்டியது. 108 வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

ஸ்டென்ட்டால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை. கட்டி தானாகவே ரத்தக்குழாயை அரித்துவிடுவதும் உண்டு, எங்கள் விஷயத்தில் எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் மகாதமனிக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே துவாரம் விழும்போது, பெரிய பெருக்கு வருவதற்குச் சில மணி நேரமோ சில நாட்களோ முன்னால் ஒரு சின்ன ரத்தக்கசிவு வந்து நின்றுவிடுவது உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தானாக நின்றுவிடுவதால்தான் ஏமாந்துவிடுகிறோம். அந்த இரண்டு நாள் எங்கள் கையில் இருந்தது. போயிருந்தாலும் காப்பாற்றியிருப்பார்களா தெரியாது. போகவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஆகவே ஸ்டென்ட் வைத்தவர் துப்பும் எச்சிலில் ஒரு துளி ரத்தம் வந்தாலும், வாந்தியில் காப்பித்தூள் மாதிரி வந்தாலும், மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்தாலும், அன்றைக்கே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரி. வெற்றிலையா, ஈறா, இரும்பு மாத்திரையா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தாதீர்கள். அதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

மருத்துவர்களிடமும் ஒரு விண்ணப்பம். உங்களுக்கு நேரமில்லை, ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று தெரியும். 'சாஃப்ட் டயட்' என்று எழுதுகிற தாளோடு தமிழில் ஒரு பக்கம், பெரிய எழுத்தில் அச்சிட்டு இணைத்துவிடுங்கள். எதைச் சாப்பிடக் கூடாது, எது வந்தால் ஓடிவர வேண்டும், ராத்திரி எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று மட்டும். நர்ஸம்மா அதை ஒருமுறை வாசித்துக் காட்டட்டும்.

உங்கள் வீட்டில் ஸ்டென்ட் வைத்தவர் இருந்தால் இன்றைக்கே ஒரு தாள் எடுத்து எழுதுங்கள்: வைத்த தேதி, ஸ்டென்ட்டின் பெயர், நீளம், அகலம், உறை உள்ளதா இல்லையா, எந்த இடத்தில் வைத்தது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, சாப்பிடும் மற்ற மாத்திரைகள், எண்டோஸ்கோபி உள்ள ஆஸ்பத்திரியின் இரவு நேரத் தொலைபேசி எண். இதில் எது தெரியாவிட்டாலும் நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதியை சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். இன்னொன்று அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். விருந்துக்குக் கூப்பிடும் சொந்தக்காரர்களுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.